களனிக் கரையில் அலுவலகக் கோபுரம் வருகிறதா? எதிர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தகர வேலி அடித்தாயிற்று. உள்ளே மண் பரிசோதிக்கும் துளை இயந்திரம் நிற்கிறது. ஆற்றோரம் இருபது மாடியில் அலுவலகக் கட்டடம் வரப்போகிறதென்று கடையடியில் பேச்சு. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், தொட்டலங்க பக்கமோ, அக்கரையில் வத்தளை, பேலியகொடை பக்கமோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்களென்றால், பதாகை எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் காகிதம் திரட்ட வேண்டும். நல்ல நியாயம் இருந்தும் நாள் தவறியதால் கைநழுவிப்போன முறைப்பாடுகள் நிறைய. அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் என்ன காகிதம், எத்தனை நாள், எவ்வளவு காசு என்பதைச் சொல்லியிருக்கிறோம்.

1. யார் கட்டுகிறார்கள், எந்தக் காணியில், எந்தச் சபைக்குள்

வேலியில் பலகை இருந்தால் எழுத்து முழுவதும் தெரியும்படி படம் எடுங்கள். கம்பனியின் பெயர், ஒப்பந்தகாரர், ஆலோசகர், அனுமதி இலக்கம் ஆகிய நான்கும் வேண்டும். பலகை இல்லையென்றால் பக்கத்துக் காணிகளின் வரிமதிப்பீட்டு இலக்கங்களையும் வீதிப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுதும் கடிதங்களில் "ஆற்றுக்குப் பக்கத்திலுள்ள பெரிய காணி" என்று போட்டால், "அப்படியொரு கோப்பு எங்களிடம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும்.

விளம்பரத்தில் இருக்கும் பெயரும் விண்ணப்பித்த கம்பனியின் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இராது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் கம்பனி பதிவது வழக்கம். கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தேடலில் சரியான பெயரையும் பதிவிலக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். பணிப்பாளர் விபரம் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிழையான கம்பனிக்கு அனுப்பிய ஆட்சேபனைக் கடிதம் தபால் செலவோடு முடிந்துபோகும்.

அடுத்தது எல்லை. தென்கரையில் கொழும்பு மாநகர சபை, மேலே போகப்போகக் கொலன்னாவை நகர சபை என்று மாறும். வடகரை கம்பஹா மாவட்டம்: வத்தளை, பேலியகொடை, களனி எனச் சபைகள் வேறு, பிரதேச செயலகங்களும் வேறு. ஆற்றின் ஒரு கரையில் கட்டினாலும் வெள்ளம் அடுத்த கரைக்கும் போகும். ஆகையால் எதிர்க்கரைச் சபைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

2. அறுபது மீற்றரை அளந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரமிருந்தால், இதைச் செய்யுங்கள்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சில வகைக் கருத்திட்டங்களுக்குச் சுற்றாடல் அங்கீகாரம் இல்லாமல் வேலை தொடங்க முடியாது. எவை அந்த வகை என்பது 1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானியிலும் அதன் திருத்தங்களிலும் இருக்கிறது. வர்த்தகக் கட்டடமென்றால் மொத்தத் தளப்பரப்பு 10,000 சதுர மீற்றரைத் தாண்ட வேண்டும். விளம்பரங்களில் சதுர அடிக் கணக்குத்தான் வரும். 10,000 சதுர மீற்றர் ஏறத்தாழ 107,600 சதுர அடி.

ஆனால் அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதி வேறு கதை சொல்கிறது. எந்த இடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் முழுதாகவோ பகுதியாகவோ அமையும் கருத்திட்டத்துக்கு அளவு ஒரு பொருட்டல்ல. 4,000 சதுர மீற்றர்க் கட்டடமானாலும் அங்கீகாரம் வேண்டும். களனி ஆறு 25 மீற்றரை எங்கே தாண்டுகிறது என்று தேட வேண்டியதே இல்லை. வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்திய வெள்ளப் பிரதேசத்துக்கும் இதே விதி. பேரை வாவி போன்ற நீர்நிலைக் கரையென்றால் பார்க்க வேண்டியது வேறு வாசகம்: பொது ஏரியின் உயர் வெள்ள மட்டக் கோட்டிலிருந்து 100 மீற்றர்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை:

கரையிலிருந்து அளக்க வேண்டும். ஆற்றின் நடுவிலிருந்து அல்ல. கூகுள் ஏர்த்தில் கோடு போட்டுப் பார்ப்பது முதல் மதிப்பீட்டுக்குப் போதும். எழுத்தில் கொடுப்பதற்கு, அனுமதிப்பத்திரமுள்ள நில அளவையாளர் ஒருவரின் ஒப்பத்தோடு ஒரு பக்க வரைபடம் எடுங்கள். கூலியை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வேலிக்குள் போய் அளக்கப் பார்க்காதீர்கள். அத்துமீறல் முறைப்பாடு ஒன்றைக் கம்பனிக்குப் பரிசாகக் கொடுத்ததாகிவிடும்.

கட்டடம் 70 மீற்றரில் நிற்கலாம். வாகனத் தரிப்பிடமோ கழிவுநீர்த் தொட்டியோ அணைக்கட்டோ 60க்குள் வந்தால், கருத்திட்டத்தின் ஒரு பகுதி உள்ளே இருக்கிறதென்று வாதிடலாம். "பகுதியாகவோ" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

ஒரே காணியை இரண்டு மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 9,000 சொச்சமாகக் காட்டுவது பழைய உத்தி. இரண்டாம் கட்டத்தின் படம் விற்பனைக் கையேட்டில் இருக்கும். அதன் ஒரு பிரதியை விற்பனை அலுவலகத்திலிருந்து எடுத்து வையுங்கள். எங்கள் அனுபவத்தில் ஆட்சேபனைக் கோப்புகளில் மிகவும் மலிவான, மிகவும் கனமான ஆவணம் இதுதான்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிட்ட, அதாவது மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம், இன்னொரு சட்டமும் வரலாம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், ஆற்றுவாயிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயத்தை நீட்டுகிறது. அந்தத் தூரத்துக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்.

3. ஆட்கள்: ஐந்து பேர், ஒரு கோப்பு

முந்நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு வேலை செய்யாது. கடிதம் எழுத ஒருவர், கோப்புக்கு ஒருவர், காசுக்கு ஒருவர், சிங்களத்தில் சரளமாகப் பேசி எழுத ஒருவர், பகலில் பத்தரமுல்லைக்கு (நகர அபிவிருத்தி, சுற்றாடல் அதிகாரசபைகள் அங்கேதான்) போய்வரக்கூடிய ஒருவர். இந்த ஐந்து பேர் கிடைத்தால் தொடங்கலாம்.

சங்கத்தைப் பதிவுசெய்யும்வரை காத்திருக்க வேண்டாம். ஆட்சேபனை அனுப்பவும் தகவல் கேட்கவும் பதிவு தேவையில்லை. பதியாத சங்கம் தன் பெயரில் வழக்குப் போட முடியாது என்பது உண்மை. அந்தக் கட்டம் வந்தால் குடியிருப்பாளர்கள் தனித்தனி ஆட்களாக மனுதாரர் ஆகலாம். காசு சேர்ப்பதானால் இருவர் ஒப்பமிடும் கணக்கு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், மாதம் ஒரு கணக்கறிக்கை. காசுப் பேச்சில் உடைந்த குழுக்கள்தான் அதிகம்.

தோட்டங்களில் வாடகைக்கு இருப்பவர்களும் உறுதி இல்லாமல் இருப்பவர்களும் கையெழுத்திடப் பயப்படுவார்கள். சுற்றாடல் அறிக்கைக்குக் கருத்துச் சொல்லப் பொதுமகன் என்பதே தகுதி. காணி உறுதி கேட்பதில்லை. அதைச் சொல்லி விளக்குங்கள், வற்புறுத்தாதீர்கள். அடையாள அட்டை இலக்கங்களைத் தாளில் எழுதி ஊரெல்லாம் சுற்றவிடவும் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். முன்வரிசையில் நிற்பவரின் வீடே ஆற்று ஒதுக்கீட்டுக்குள், அதாவது கட்டாமல் விடவேண்டிய கரைப்பட்டைக்குள், இருக்கிறதா? அனுமதியில்லாமல் மேல்மாடி போட்டிருக்கிறாரா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தேடுவது இதைத்தான். அப்படிப்பட்டவர் பின்னால் இருந்து உதவலாம், மனுதாரராக வரக்கூடாது.

4. தகவல் அறியும் உரிமை: முதல் வாரத்திலேயே

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலுள்ள மலிவான ஆயுதம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆர்.டி.ஐ. 01 படிவத்தில்தான் கேட்க வேண்டுமென்பதும் இல்லை. சாதாரணக் கடிதம் போதும். விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் கேட்பதானால் உறுப்பினரில் முக்கால்வாசிக்குக் குறையாதோர் பிரஜைகளாக இருக்க வேண்டும்.

ஒரே கடிதத்தில் "இக்கட்டடம் தொடர்பான சகல ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். அது மறுக்கவும் இழுத்தடிக்கவும் வசதியான வாசகம். நிறுவனத்துக்கு ஒரு கடிதம், கேள்விகளுக்கு இலக்கம்.

நகர அபிவிருத்தி அதிகாரசபையிடம்: முதனிலைத் திட்டமிடல் அனுமதிக் கடிதமும் நிபந்தனைகளும், திட்டமிடல் குழுக் கூட்டக் குறிப்பில் இந்தக் காணி பற்றிய பகுதி, அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டதா, என்ன திகதியில், எதுவரை செல்லுபடி, அபிவிருத்தித் திட்டத்தில் இந்தக் காணி எந்த வலயத்தில் இருக்கிறது, வாகனப் போக்குவரத்துத் தாக்க அறிக்கை, காணி அரசுடையதென்றால் குத்தகை உடன்படிக்கை.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம்: கம்பனி கொடுத்த அடிப்படைத் தகவல் வினாக்கொத்து, எந்த நிறுவனம் கருத்திட்ட அங்கீகார முகவராக (அறிக்கையைப் பார்த்து அங்கீகாரம் தரும் நிறுவனமாக) நியமிக்கப்பட்டது, ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையா (சுருக்கமான ஆய்வு), முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடா எனத் தீர்மானித்த கடிதம், ஆய்வுக்கான விடய எல்லை ஆவணம் (எதையெல்லாம் ஆராய வேண்டுமென்று சொல்வது).

நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும்: வெள்ளம், வடிகால், நிலம் நிரப்புதல் பற்றிய இணக்கக் கடிதங்கள், அவற்றோடு இணைத்த வரைபடங்கள். மாநகர சபையிடம்: கழிவுநீர் இணைப்பு, தீயணைப்புப் பிரிவின் சிபாரிசு.

நாள் கணக்கு இப்படிப் போகும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் கட்டணம் கட்டி 14 நாட்களுக்குள் தர வேண்டும். கோப்பு பெரிதென்று சொல்லி மேலும் 21 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கூட்டிப் பார்த்தால் ஆணைக்குழு வாசலை மிதிக்கவே இரண்டு மாதம் ஆகிவிடும். அதனால்தான் முதல் வாரத்திலேயே அனுப்பச் சொல்கிறோம்.

2017 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வைத்த கட்டணப்படி முதல் 4 பக்கம் இலவசம், பின்னர் ஏ4 தாளின் ஒரு பக்கப் போட்டோ கொப்பிக்கு 2 ரூபா. 300 பக்கக் கோப்புக்கு 592 ரூபா. மின்னஞ்சலில் கேட்டால் காசே இல்லை. ஆனால் ஒன்று: நீதிமன்றம் போகும் எண்ணம் சிறிதாவது இருந்தால் "உறுதிப்படுத்திய பிரதி" என்று கேளுங்கள். மின்னஞ்சல் பிரதியைப் படித்துப் பார்க்கலாம், மனுவோடு இணைக்க உதவாது.

கம்பனியின் கொடுக்கல்வாங்கல், கடன், வாடகை ஒப்பந்த விபரங்களை இந்தக் கடிதங்களில் கலக்காதீர்கள். வர்த்தக இரகசியம் என்ற விதிவிலக்கு இருக்கிறது. மூன்றாம் தரப்பிடம் கருத்துக் கேட்க வேண்டுமென்று சொல்லி முழுக் கடிதமும் நின்றுவிடும். வேண்டுமானால் அதைத் தனிக் கடிதமாகக் கேளுங்கள்.

மொழி: கொழும்பிலும் கம்பஹாவிலும் அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனாலும் கோப்பைப் பார்க்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தமிழ் மூலத்தோடு சிங்களப் பிரதியையும் இணைத்து, "தமிழ்ப் பிரதியே மூலம்" என்று அடியில் எழுதுங்கள். உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கலாம்.

எதையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். "மேசையில் வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்க்கிறேன்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள்.

5. முப்பது நாள்

முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று தீர்மானித்தால், அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாள். அதற்குள் எழுத்தில் கொடுத்த கருத்துகளுக்குக் கம்பனி பதில் சொல்லியாக வேண்டும். 31 ஆம் நாள் கொடுத்தால் யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை. பத்திரிகை அறிவித்தலைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஞாயிறு பத்திரிகையோடு நின்றுவிடக்கூடாது. பிரதேச செயலகத்திலும் சபையிலும் சுற்றாடல் அதிகாரசபையிலும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள்.

ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை மட்டும் என்றால் நிலைமை மோசம். 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிக்கைக்குப் பொது அறிவித்தலும் கருத்துக் காலமும் இல்லை. அது பொது ஆவணம், கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் முதல் வாதம் "முழு மதிப்பீடே தேவை" என்பதாக இருக்க வேண்டும். அதை விடய எல்லை தீர்மானிக்கும் கட்டத்திலேயே எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் பொதுமக்களின் கருத்தையும் கவனத்தில் எடுக்கலாமென்று விதி சொல்கிறது. பலர் அறிக்கை வரும்வரை காத்திருப்பார்கள். அதற்குள் எதை ஆராய்வது, எதை விடுவது என்று முடிவாகிவிடும்.

கருத்திட்டத்தின் உரிமையாளரே அதன் அங்கீகார முகவராக இருக்க முடியாது. நகர அபிவிருத்தி அதிகாரசபை காணியைக் கொடுத்துப் பங்காளியாகவும் நிற்கிறதென்றால், அங்கீகார முகவர் யார் என்ற கேள்வியை முதல் கடிதத்திலேயே எழுப்புங்கள்.

கருத்து எழுதும் முறை: ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு வரி. அறிக்கையின் எந்தப் பக்கம், எந்தப் பந்தி. அங்கே என்ன சொல்கிறது. ஏன் பிழை, என்ன ஆதாரம். என்ன செய்யக் கேட்கிறோம். ஒரே வாசகத்தில் 200 பிரதி அனுப்பினால் அதிகாரிகள் அதை ஒரே கருத்தாகவே எண்ணிக்கொள்வார்கள். வெவ்வேறு விடயம் பேசும் இருபது கடிதம் அதைவிடக் கனம்.

எதைப் பேசுவது? களனிக் கரையில் முதலில் வெள்ளம். 2016 மே மாதமும் 2025 நவம்பர் கடைசியிலும் தண்ணீர் எதுவரை வந்ததென்று சுவரில் இருக்கும் அடையாளத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வீட்டு இலக்கமும் தெரிய வேண்டும். நாகலகம் வீதி நீர்மட்டமானியின் அந்த நாள் அளவுகளை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்டு, படத்தோடு இணையுங்கள். அந்த மானி அடிக்கணக்கில் இருக்கும், வரைபடங்கள் மீற்றரில். மாற்றி எழுதும்போது பிழை விடாதீர்கள்.

பிறகு நிரப்பும் மண். ஒரு ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 395 பேர்ச்சஸ் காணியை ஒன்றரை மீற்றர் உயர்த்தினால் 15,000 கன மீற்றர் மண். வெள்ளத்தில் அந்த இடத்தில் நின்றிருக்கக்கூடிய அவ்வளவு தண்ணீரும் வேறெங்கோ போக வேண்டும். டிப்பர்க் கணக்கில் 5,300 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), 3 கியூப் டிப்பரில் 1,700 நடைக்கு மேல். "வெள்ளம் வரும்" என்று எழுதினால் அறிக்கையில் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். "நிரப்பும் மண்ணின் கனவளவு எவ்வளவு, அதற்கு ஈடான நீர்த்தேக்க இடம் எங்கே, 50 வருட, 100 வருட வெள்ளத்துக்குக் கணினி மாதிரி ஓட்டிப் பார்த்தீர்களா, வெள்ளத்தடுப்பு அணைக்கு வெளியே இருக்கும் வீடுகளில் நீர்மட்டம் எத்தனை சென்ரிமீற்றர் கூடும்" என்று கேட்டால் எண்ணில்தான் பதில் வர வேண்டும்.

வாகனத்துக்கும் அப்படியே. தரிப்பிட எண்ணிக்கை, காலை 7 முதல் 9 வரை உள்ளே வரும் வாகனம், எந்தச் சந்தியில் எண்ணினார்கள், எந்த மாதத்தில் எண்ணினார்கள். பாடசாலை விடுமுறையில் எண்ணிய அறிக்கைகள் இருக்கின்றன. நீங்களே ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் சந்தியில் நின்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறித்தால், அதை இலேசில் தள்ளிவைக்க முடியாது. காட்சி மறையும், நிழல் விழும் என்பவற்றைக் கடைசியில் ஒரு பந்தியில் சொன்னால் போதும். இங்கே அவற்றுக்குப் பெரிய எடை இல்லை.

பகிரங்க விசாரணை நடத்துவது அங்கீகார முகவரின் விருப்பம், கட்டாயமில்லை. கருத்துக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே அதைக் கேளுங்கள்.

6. அத்திவாரம் இறங்குமுன் உங்கள் சுவரைப் படமெடுங்கள்

எதிர்ப்பு வெல்லுமென்று நம்பினாலும் இதைச் செய்துவையுங்கள். தூண் அடித்து இறக்கினால் அதிர்வு அதிகம்; துளைத்து வார்த்தால் குறைவு, ஆனால் நிலத்தடி நீர் இறங்கிப் பழைய சுவர்கள் வெடிக்கலாம். வெடிப்பு முன்னரே இருந்ததா, வேலை தொடங்கியபின் வந்ததா என்பதில்தான் நட்டஈடு நிற்கும்.

ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், கூரைத்தட்டு, தரை, மதில். ஏற்கனவே உள்ள வெடிப்புகளின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அகலத்துக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெடிப்பு அளவீடு செய்து அறிக்கை தரும். அதைக் கம்பனியின் செலவில் செய்ய வேண்டுமென்ற நிபந்தனையை அனுமதிப்பத்திரத்தில் சேர்க்கச் சொல்லி இப்போதே எழுதுங்கள். கம்பனி அனுப்பும் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் உள்ளே விடலாம், ஆனால் பிரதி கையில் கிடைக்கும்வரை எதிலும் ஒப்பமிடாதீர்கள்.

சத்தத்துக்கு 1996 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் எல்லை இருக்கிறது. கட்டட வேலைக்குப் பகலில், அதாவது காலை 6 முதல் மாலை 6 வரை, 75 டெசிபல், இரவில் 50. கைத்தொலைபேசிச் செயலி காட்டும் எண் சாட்சியாகாது. ஆனால் எந்த நாளில் எத்தனை மணிக்குச் சத்தம் என்று அந்த எண்ணோடு குறித்துவைத்தால், அதிகாரிகளை வந்து அளக்கச் சொல்லி முறையிட உதவும்.

7. ஊர்வலம், முகநூல்

ஊர்வலம் போவதானால் தொடங்குவதற்கு 6 மணி நேரத்துக்கு முன்னராவது கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. முகநூலில் ஆவணத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "இலஞ்சம் வாங்கிவிட்டார்கள்" என்ற ஒரு வரி மானநட்டக் கடிதமாகத் திரும்பி வரும். அதற்குப் பதில் எழுதச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசில் நில அளவையாளரின் வரைபடத்தையே எடுத்திருக்கலாம்.

8. நீதிமன்றம்

அனுமதி கொடுத்த நிறுவனத்தின் தீர்மானம் சட்டப்படி தவறென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு, அதாவது அந்தத் தீர்மானத்தை இரத்துச்செய்யவோ தடுக்கவோ கேட்கும் "ரிட்" மனு. அடிப்படை உரிமை மீறலென்றால் உயர் நீதிமன்றத்தில் 126 ஆம் உறுப்புரையின் கீழ் மனு. இரண்டும் புதுக்கடையில்தான்.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்கு நீதிமன்றம் அந்தச் சலுகையைத் தரத் தயங்கும். இதை ஒரு குடையாக வைத்திருங்கள், வீடாக நினைக்காதீர்கள். எழுத்தாணை மனுவுக்கு நாள் எல்லை எழுதப்படவில்லை. தாமதம் மட்டும் உங்களுக்கு எதிராக எண்ணப்படும். பத்து மாடி எழும்பிய பிறகு இடைக்காலத் தடை கேட்டால் கிடைப்பது அரிது.

ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலும் சண்டை. அனுமதி பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளை நிரூபிக்கும் காகிதம் வேண்டும். தகவல் உரிமைப் பதில் வந்த தபால் உறையை எறியாதீர்கள். முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது.

மேன்முறையீட்டு நீதிமன்ற விதிகள்படி, ஆவணங்களின் மூலமோ உறுதிப்படுத்திய பிரதியோ மனுவோடு இணைய வேண்டும். கிடைக்கவில்லையென்றால் காரணத்தை மனுவிலேயே சொல்லி, பின்னர் சமர்ப்பிக்க அனுமதி கேட்க வேண்டும். இதை விட்டதால் உள்ளே போகாமலே தள்ளுபடியான மனுக்கள் உண்டு. உங்களுக்குப் பாதகமான ஆவணத்தையும் மறைக்காதீர்கள். முழு உண்மையையும் வெளிப்படுத்தாதவருக்கு எழுத்தாணை கிடைக்காது. ஒவ்வொரு மனுதாரரும் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும், அதனால் மூன்று நான்கு பேருக்கு மேல் மனுதாரர் வைக்காதீர்கள். ஒருவர் வெளிநாடு போனாலும் வேலை நிற்கும்.

செலவில் ஏமாறும் இடம் இது: அறிவுறுத்தும் சட்டத்தரணி, கனிஷ்ட சட்டத்தரணி, சிரேஷ்டர் என மூன்று பேருக்கும் தனித்தனிக் கட்டணம். சிலர் மொத்தமாக வாங்குவார்கள், சிலர் தவணைக்குத் தவணை வாங்குவார்கள். மனு தயாரிப்பு, ஆதரித்து வாதாடுதல், பின்னர் வரும் ஒவ்வொரு தவணை என்று பிரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் ஏழெட்டுத் தவணை வந்தாலும் தாங்குமா என்று காசுக் கணக்கைப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சுற்றாடல் வழக்குகளை நடத்தும் தொண்டு நிறுவனங்களும் கொழும்பில் இருக்கின்றன. ஒழுங்கான கோப்போடு போனால் காது கொடுப்பார்கள்.

அங்கீகாரமில்லாமல் வேலை தொடங்கினால் தண்டனை உண்டு என்பதில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்த தண்டப்பணம் 15,000 ரூபாவுக்கு மேற்படாது. கோபுரம் கட்டுகிறவருக்கு அது ஒரு நாள் சீமெந்துக் காசும் இல்லை. வேலையை நிறுத்தும் கட்டளைதான் தேவை.

9. அனுமதி வந்துவிட்டால்

பாதி வேலை இப்போதுதான் தொடங்குகிறது. அங்கீகாரக் கடிதத்தில் நிபந்தனைகள் நாற்பது ஐம்பது இருக்கும். அவற்றை ஒரு தாளில் இறக்கி, எதிரே யார் கண்காணிப்பது, எப்போது என்று எழுதுங்கள். ஆற்றுக்கரையில் விடவேண்டிய இடைவெளி, நிரப்பும் உயரம், கழிவுநீர் எங்கே போகிறது, டிப்பர் ஓடும் நேரம், கரையில் மக்கள் நடக்கும் பாதை ஆகிய ஐந்தையும் மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

வரைபடத்தை மாற்றினால், மாடியைக் கூட்டினால், புதிதாக அங்கீகாரம் வாங்க வேண்டும். மாடிகளை எண்ணுங்கள், எண்ணுவதற்குக் கட்டணம் இல்லை. மீறல் கண்டால் அதே நாளில் அங்கீகார முகவருக்கும் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் சபைக்கும் ஒரே கடிதம், மூன்று பதிவுத் தபால். கட்டடத்தைப் பாவிக்க இசைவுச் சான்றிதழ் வேண்டும். அது வழங்கப்படுமுன் நிறைவேறாத நிபந்தனைகளின் பட்டியலைப் படங்களோடு கொடுத்துவிடுங்கள். கம்பனி உங்களோடு பேச வரும் நாள் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் இருக்கும். பேச்சுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள்.